ஆறடிப் பவளத் தொட்டி, மூன்று வருடம் கழித்து: பெரிய சாமான்கள் தேறின, விரல் நீளச் சென்சார் தேறவில்லை

ஏ.டி.ஓ. (ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகத் தானே தண்ணீர் விடும் கருவி) சென்சாரை இந்த வாரம் மூன்றாவது முறையாக மாற்றியாயிற்று. புதியதை மாட்டிய கையோடு நண்பர் ஒருவர் கேட்டார்: “ஆறடித் தொட்டி வைக்கலாம்னு இருக்கேன். உங்க செட்டப்புல எதை அப்படியே வைக்கலாம், எதை மாத்தணும்?” அவருக்கு எழுதிய பதிலைத்தான் விரிவாக இங்கே போடுகிறேன்.

உயிருள்ள பவளம் வளர்க்கும் இந்தக் கடல்நீர்த் தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். கொள்ளளவு 680 லிட்டர். சம்பில் (கீழே இருக்கும் வடிகட்டுத் தொட்டியில்) ஓடுவதைக் கூட்டி, கல்லும் மணலும் அடைத்த இடத்தைக் கழித்தால் கணக்குக்கு 700 லிட்டர் வைத்துக்கொள்ளலாம். கீழே மென்பவளமும் ஹேமர், டார்ச் பவள வகைகளும், மேலே அக்ரோபோரா என்ற கல் பவளமும். ஸ்கிம்மர் (நுரையோடு கழிவைப் பிரிக்கும் கருவி), ஆர்.ஓ.டி.ஐ. (குழாய்த் தண்ணீரில் உள்ள தாதுக்களை நீக்கும் வடிகட்டி) பற்றி இங்கே விரிக்காமல் விட்டுவிடுகிறேன்.

இத்தனை நாளில் ஒருமுறைகூடக் கோபம் வராத பாகம் ஓவர்ஃப்ளோ, அதாவது தொட்டித் தண்ணீரைச் சம்புக்கு இறக்கும் பகுதி. பீன் அனிமல் என்று சொல்லும் மூன்று குழாய் முறை. முதல் குழாய் முழு சைஃபன். காற்றே இல்லாமல் தண்ணீர் நிறைந்து இறங்கும், அதில் ஒரு கேட் வால்வு. அந்த வால்வு விட்டது போக மிஞ்சும் கொஞ்சம் தண்ணீர், இரண்டாவது குழாயின் சுவரை ஒட்டி வழியும். மூன்றாவது ஆபத்துக்கு, எப்போதும் காய்ந்தே கிடக்க வேண்டும். வால்வை முதலில் முழுக்கத் திறந்து, குழாயில் உள்ள காற்று வெளியேறிய பிறகு கால் சுற்று, கால் சுற்றாக மூட வேண்டும். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பத்து நிமிடம் பொறுங்கள். பெட்டிக்குள் மட்டம் மெல்ல ஏறி, இரண்டாவது குழாயில் விரல் தடிமனுக்கு ஓட ஆரம்பித்ததும் நிறுத்திவிடலாம். பந்து வால்வில் இந்த நுணுக்கம் வராது, தொட்டால் எகிறும். சைஃபன் குழாயின் நுனி சம்புத் தண்ணீருக்குள் 2 அல்லது 3 செ.மீ. போனால் போதும், ஆழமாக விட்டால், பம்பு நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் காற்றை வெளியே தள்ள முடியாமல் குடகுடவென்று கத்தும். மூன்றாவது குழாயின் நுனியை மட்டும் தண்ணீருக்கு மேலேயே விடுங்கள். அதில் தண்ணீர் இறங்கினால் சத்தம் கேட்கும், அந்தச் சத்தம்தான் அலாரம். இப்படி வைத்தால் ராத்திரி பக்கத்திலேயே படுத்துத் தூங்கலாம், அவ்வளவு அமைதி.

சம்ப் வழியாக மணிக்கு 3,000 லிட்டர் போனால் போதும். பவளத்துக்கு வேண்டிய அலையை உள்ளே இருக்கும் வேவ்மேக்கர்கள் பார்த்துக்கொள்ளும். சம்புத் தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்பைப் பெரிதாக்கி அலை உண்டாக்கப் பார்ப்பது வீண், சத்தமும் சூடும்தான் மிச்சம்.

கூடவே ஒரு கணக்கு. இந்தப் பரப்பில் 1 செ.மீ. உயரம் என்றால் 11 லிட்டர். ரிட்டர்ன் குழாயின் மூக்கு மட்டத்துக்குக் கீழே 3 செ.மீ. மூழ்கியிருந்தால், மின்சாரம் போனதும் அதன் வழியே 33 லிட்டர் சைஃபனாகிச் சம்புக்கு இறங்கும். குழாயிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் நிற்பது தனி. அவ்வளவும் கொள்ள சம்பில் வெற்றிடம் இருக்க வேண்டும். தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் செக் வால்வை நம்பி இந்தக் கணக்கைத் தவிர்க்காதீர்கள். ஒரு குட்டி நத்தையோ சுண்ணாம்புப் படிவோ உட்கார்ந்தால் அது மூடாது. மட்டத்துக்குச் சற்றுக் கீழே ரிட்டர்ன் குழாயில் காற்று புகுந்து சைஃபன் அறுபட ஒரு துளை போட்டு, மாதம் ஒருமுறை குச்சியால் குத்திச் சுத்தம் செய்வதுதான் நிஜப் பாதுகாப்பு.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தண்ணீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டன் வரும், தரையை முதலில் பாருங்கள். கல்லைக் கண்ணாடி மேலேயே உட்காரவைத்து, மணலைப் பிறகு சுற்றிப் போடுங்கள். மணல்மேல் வைத்தால் தோண்டும் மீன் ஒன்று போதும், அடுக்கு சரிந்துவிடும். உலர்ந்த கல்லில் தொடங்கியதால் பூச்சித் தொல்லை இல்லை. ஆனால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் நின்றபோது டைனோ என்ற நுண்ணுயிர் பழுப்புச் சளியாகப் படர்ந்தது. நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.05 பக்கம் கொண்டுவந்த பிறகுதான் அடங்கியது. சுத்தம் என்றால் பூஜ்யம் என்று நினைப்பது பவளத் தொட்டியில் தப்பு.

இனி ஏ.டி.ஓ.

இந்த அளவுத் தொட்டியில் நாளுக்கு 8 லிட்டர் ஆவியாகிறது. மேலே ஃபேன் ஓடினால் இன்னும் கூடும். தண்ணீர் போகும், உப்பு தங்கும், ஆகவே போன அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டாக வேண்டும். அதைச் செய்வது விரல் நீளத்தில் ஒரு ஆப்டிகல் சென்சார். கூம்பு முனைக்குள் அகச்சிவப்பு ஒளி ஓடுகிறது. முனை காற்றில் இருந்தால் ஒளி உள்ளேயே திரும்பி வரும், பம்பு ஓடும். தண்ணீரில் இருந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும், பம்பு நிற்கும். எளிமையான, அழகான யோசனை. சம்பில் ரிட்டர்ன் பம்பு இருக்கும் அறையில்தான் வைக்க வேண்டும்; மற்ற அறைகளில் தடுப்புக் கண்ணாடிதான் மட்டத்தைத் தீர்மானிக்கிறது, எவ்வளவு ஆவியானாலும் அங்கே தெரியாது.

நியாயமாகச் சொல்வதென்றால், நூறு நாளில் தொண்ணூற்றொன்பது நாள் அது பிசகாமல் வேலை செய்கிறது. மட்டம் அரை செ.மீ.கூட அசையாது. மிதவை சுவிட்ச்சைவிட எவ்வளவோ மேல். மிதவைக்கு அடியில் நத்தை புகுந்து தூக்கிப் பிடித்தால் தண்ணீரே வராது. மேலே உப்புக் கட்டி அமுக்கிப் பிடித்தால் நிற்கவே நிற்காது.

அந்த நூறாவது நாள்தான் பிரச்சினை. முனையில் ஒரு நுண்குமிழி ஒட்டிக்கொண்டால் போதும், சென்சார் தன்னைச் சுற்றிக் காற்று என்று நினைத்துக்கொண்டு பம்பை ஓட்டும். முதலில் கழற்றிய சென்சாரை விளக்கடியில் திருப்பிப் பார்த்தபோது, கூம்பின் ஒரு முகத்தில் கடுகளவு இளஞ்சிவப்புப் புள்ளி. கோரலைன் பாசி. வினிகரில் அரைமணி ஊறவிட்டால் பொடிக் குமிழியாக நுரைத்துக் கரைந்துவிடும். அப்படிச் செய்யாமல் சுரண்டியதில் கீறல் விழுந்தது, கீறலுக்குப் பிறகு அது சொன்ன எதையும் நம்ப முடியவில்லை. இரண்டாவதும் அதே பாசியால்தான் போயிற்று. இந்த வாரம் கழற்றியதில் முனை பளிங்கு மாதிரி இருந்தது. ஒயர் நுழையும் இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்து, செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. பாசிக்கும் கீறலுக்கும் பராமரிப்பைக் குறை சொல்லலாம். கடல்நீரில் தொங்கவிடுவதற்கென்றே விற்கும் பொருளில், ஒயர் வாய்க்குத் தண்ணீர் புகாத அடைப்பு இல்லை என்பதற்கு என்ன சமாதானம் சொல்வது?

கோபம் இன்னும் ஒன்றுக்கு இருக்கிறது. பம்பு தொடர்ந்து 10 நிமிடம் ஓடினால் தானே நிற்கும், அதுதான் பாதுகாப்பு என்கிறார்கள். பம்பு நிமிடத்துக்கு 2 லிட்டர் தள்ளுகிறது. 10 நிமிடத்தில் 20 லிட்டர். ஒரு நாள் முழுக்கத் தேவையே 8 லிட்டர்தான்! அதுவும் மின்சாரம் ஒருமுறை போய்வந்தால் கன்ட்ரோலர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு அடுத்த 10 நிமிடத்தைப் புதிதாகத் தொடங்கும். இப்படி இரண்டு முறை ஓடினால், நல்ல தண்ணீர் வைத்திருக்கும் 40 லிட்டர் வாளி காலி.

40 லிட்டர் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் பவளத்தை இழக்கிறார்கள். உப்பு 35 பி.பி.டி.யிலிருந்து (ஆயிரத்தில் இத்தனை பங்கு) 33.1க்கு இறங்கும். மறுநாள் டெஸ்ட் எடுத்தால் 8.5 இருந்த ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை அளவு) 8, 430 இருந்த கால்சியம் 407, 1,350 இருந்த மக்னீசியம் 1,277 என்று காட்டும். பார்த்ததும், இவற்றை அளந்து விடும் டோசிங் பம்பைக் கூட்டத்தான் கை போகும். கூட்டாதீர்கள். பவளம் தின்றால் ஆல்கலினிட்டிதான் முதலில் விழும், மக்னீசியம் அவ்வளவு சீக்கிரம் அசையாது. மூன்றும் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால் அது பசி இல்லை, தண்ணீர் கலந்தது. உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை எடுங்கள், அதையும் வெறும் தண்ணீரில் பூஜ்யம் பார்த்தால் போதாது, 35 பி.பி.டி. கரைசலில் சரிபார்க்க வேண்டும்.

உப்பையும் அள்ளிப் போடாதீர்கள். உப்பு எங்கும் போய்விடவில்லை, நீர்த்திருக்கிறது, அவ்வளவுதான். ஏ.டி.ஓ.வை நிறுத்திவிட்டு ஐந்து நாள் சும்மா இருந்தால், கூடுதல் 40 லிட்டரும் ஆவியாகி 35 தானாகவே திரும்பும். அவசரப்பட்டு 740 லிட்டரையும் 35க்குக் கொண்டுவந்தால், மட்டம் பழைய இடத்துக்கு வரும்போது 37ல் போய் நிற்கும். ஒரே வாரத்தில் கீழேயும் மேலேயும் ஆட்டினால் இறாலும் நத்தையும் முதலில் போகும், பின்னாலேயே அக்ரோபோரா வெளுக்கும்.

ஸ்கிம்மர் வழியாக நடப்பது வேறு கதை. ஸ்கிம்மர் நீர்க்க எடுத்து நாளுக்கு 1 லிட்டர் கப்பில் சேர்ந்தால், வெளியே போவது உப்புத் தண்ணீர். அந்த இடத்தில் ஏ.டி.ஓ. விடுவது நல்ல தண்ணீர். மாதத்தில் 30 லிட்டர், ஏறக்குறைய 1 கிலோ உப்பு, அதாவது 1.5 பி.பி.டி. அளவு. சென்சார் ஒரு தப்பும் செய்யாமலே இது நடக்கும். இங்கே உப்பு உண்மையிலேயே வெளியேறிவிட்டது, திரும்ப வைக்க வேண்டும். நல்ல வழி: ஏ.டி.ஓ. வாளியில் நல்ல தண்ணீருக்குப் பதில் 35 பி.பி.டி. உப்புத் தண்ணீர் நிரப்புங்கள். நாளுக்கு 8 லிட்டர் போனால் 0.4 பி.பி.டி. ஏறும், நாலு நாளில் சரியாகிவிடும், எந்தப் பவளத்துக்கும் அதிர்ச்சி இல்லை.

தண்ணீர் மாற்றும்போது முதல் வேலை ஏ.டி.ஓ. பிளக்கைப் பிடுங்குவது. சம்ப் இறங்கியதைப் பார்த்து அது நல்ல தண்ணீரை நிரப்பத் தொடங்கிவிடும். வாளிக் குழாயின் நுனியும் சம்புத் தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும், மூழ்கினால் பம்பு நின்ற பிறகும் சைஃபன் ஓடும். ஆர்.ஓ. லைனை நேரடியாகச் சம்புக்கு இணைக்கவே கூடாது. வாளி தீர்ந்தால் தவறும் அதோடு தீரும். லைனுக்கு முடிவே இல்லை.

நண்பருக்கான தீர்ப்பு: தொட்டியை யோசிக்காமல் வையுங்கள். அளவு பெரிதாக இருப்பதே காப்பு. இதே 40 லிட்டர் 200 லிட்டர் தொட்டியில் கொட்டியிருந்தால் உப்பு 29க்கு வந்திருக்கும். ஓவர்ஃப்ளோவில் எதையும் மாற்றாதீர்கள். ஆனால் இந்த ஏ.டி.ஓ.வை வாங்காதீர்கள். தொண்ணூற்றொன்பது நாள் என்று மேலே புகழ்ந்தது உண்மைதான், அப்படியும் வாங்காதீர்கள். இரண்டு சென்சார் உள்ளதாக, இரண்டாவது மட்டம் ஏறினால் பம்பை வெட்டுவதாகப் பாருங்கள்.

கையில் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு ஒரு வழி. கன்ட்ரோலரையே ஒரு டிஜிட்டல் டைமரில் மாட்டி, நாளுக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் 1 நிமிடம் மட்டும் மின்சாரம் விடுங்கள். சென்சார் என்ன பொய் சொன்னாலும் நாளுக்கு 10 லிட்டருக்கு மேல் போகாது. தேவைக்கு மிஞ்சியது 2 லிட்டர், உப்பு 0.1 பி.பி.டி.தான் இறங்கும். மின்சாரம் போய்வந்தால் எல்லாம் மறந்துவிடும் அந்தக் குறை இந்த ஏற்பாட்டில் உதவியாகிவிடுகிறது, ஒவ்வொரு முறையும் கன்ட்ரோலர் புதிதாக விழித்து வேலை செய்யும். ஃபேன் ஓடும் நாட்களில் இன்னும் இரண்டு முறை சேர்த்துக்கொள்ளுங்கள். மட்டம் நிற்க வேண்டிய இடத்தில் ரிட்டர்ன் அறைக் கண்ணாடியில் கறுப்பு டேப் ஒன்று ஒட்டி, மீனுக்குத் தீனி போடும்போதெல்லாம் குனிந்து பாருங்கள். தண்ணீர் டேப்புக்கு மேலே நின்றால் தீனியைக் கீழே வைத்துவிட்டு முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.