வீட்டிலேயே செய்த தாது உப்புக் கட்டி: மாட்டுக்கு வைத்தேன், மரையும் வந்தது

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம், எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் தேயிலை முடிந்ததும் காடுதான். வீட்டில் இரண்டு பிரீசியன் கலப்பு மாடுகள். 2022 இல் மூத்தவள் துணிக்கொடியில் காயும் சாரத்தைச் சப்பத் தொடங்கினாள். சுண்ணாம்புச் சுவரை நக்கினாள், மற்ற மாட்டின் மூத்திரத்தைக்கூடக் குடித்தாள். மிருக வைத்தியர் பார்த்துவிட்டு உப்பும் பொஸ்பரசும் போதவில்லை என்றார். ஓயாமல் மழை கழுவும் மண், அதில் முளைக்கும் புல்லில் என்ன இருக்கும்? மாடு நக்குவதற்குக் கடையில் விற்கும் தாது உப்புக் கட்டியும் அந்த வருடம் எல்லா இறக்குமதிப் பொருளையும் போல விலை ஏறிவிட்டது. சரி, நாமே செய்வோம் என்று ஆரம்பித்தேன்.

முதல் வருடம் உப்பையும் களிமண்ணையும் பிசைந்து காயவைத்தேன். வைகாசி மழையில் இரண்டே நாளில் கரைந்தது. அப்புறம்தான் சீமெந்து சேர்க்கப் பழகினேன். இப்போது ஐந்தேகால் கிலோவுக்கு என் கணக்கு: கல்லுப்பு 2 கிலோ, மாட்டுத் தாதுப் பொடி 1 கிலோ, தவிடு 1 கிலோ, மொலாசஸ் (கரும்புப்பாகுக் கழிவு) முக்கால் கிலோ, சீமெந்து அரைக் கிலோ. முதலில் உப்பையும் பொடியையும் மொலாசஸில் கலக்க வேண்டும். சீமெந்தைத் தனியாகக் கொஞ்சத் தண்ணீரில் குழைத்து ஊற்றி, கடைசியில் தவிடு. பழைய பெயின்ட் வாளியில் அமுக்கி, கயிறு கோர்க்க நடுவில் ஒரு கம்பைச் செருகி வைப்பேன். வெயில் ஊரில் சில நாளில் இறுகிவிடுமாம். எங்கள் பனிக்கு இரண்டு வாரம் வேண்டும். பெருவிரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. இளக்கமாக இருந்தால் மாடு நக்காது, கடித்துத் தின்றுவிடும்.

யூரியா போடச் சொல்கிறவர்கள் உண்டு. நான் போடுவதில்லை. மழையில் கரைந்து தேங்கிய தண்ணீரை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து, கன்றுக்குட்டிக்கு இன்னும் மோசம். உப்புக்கு ஏங்கிய மாட்டுக்கு முதல் வாரம் காலையில் கொஞ்ச நேரம் மட்டும் கட்டியைக் காட்டுங்கள். பக்கத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

சாரம் சப்புவது ஒன்றரை மாதத்தில் நின்றது. பால் கூடியதா என்றால், ஒரு லீற்றர் கூடியது. ஆனால் அதே சமயம் புல்லையும் மாற்றியிருந்தேன், அதனால் கட்டிக்கு மட்டும் அந்தப் பெயரைக் கொடுக்க மாட்டேன்.

இரண்டாம் வருடம் கட்டியைக் கொட்டகைக்கு வெளியே, காட்டோர மரக்கட்டையில் கட்டியிருந்தேன். ஒரு நாள் விடியலில் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகும்போது அங்கே ஓர் ஆண் மரை, எங்கள் காட்டின் பெரிய மான். முன்கால்களை அகட்டிக் குனிந்து, கட்டி கரைந்து ஊறிய மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. கழுத்து மயிரில் பனித்துளி. வளரும் கொம்பை இன்னும் தோல் மூடியிருந்தது. கொம்பு வளரச் சுண்ணாம்புச் சத்தும் பொஸ்பரசும் வேண்டும், ஆனால் அதை இழுத்து வந்தது உப்புதான். நாக்கு மண்ணில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. அவ்வளவு பக்கத்தில் நான் மரையைப் பார்த்ததே இல்லை. பிறகு ஒவ்வொரு நாளும் விடியலுக்குக் காத்திருந்தேன்.

பத்து நாள் போயிருக்கும். அது வரும் தடத்தில் ஒரு கம்பிச் சுருக்கு கிடந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. “பன்றிக்குத்தானே அண்ணே” என்றான் பக்கத்து வீட்டுத் தம்பி. சுருக்குக்கு ஆள் தெரியுமா? 2020 இல் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை மாட்டியதும் இப்படியொரு கம்பியில்தான். மீட்டுக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. மரை சட்டம் காக்கும் விலங்கு, அதைச் சுருக்குக்கு அழைத்து வந்தது என் உப்பு. கால் வாய் நோய் வந்தால் ஒரே கட்டியை நக்கும் மாட்டுக்கும் மரைக்கும் அது தொற்றும் என்று வைத்தியரும் சொன்னார்.

கம்பியை அறுத்தெறிந்தேன். கட்டியைக் கொட்டகைக்குள், கூரைக்கு அடியில் தொங்கவிட்டேன். அதனால் மழையில் கரைவதும் நின்றது, ஒரு கட்டி முன்பைவிட இரட்டை நாள் வருகிறது. மரை நக்கிக் குழியாக்கியிருந்த மண்ணையும் வெட்டி எருக்குழியில் கொட்டினேன். மூன்று வாரம் வரை அந்த இடத்தில் குளம்படி இருந்தது. அப்புறம் இல்லை.