டெக்ஸா ஸ்கேன் சென்டர், திருச்சி: முன்கையையும் கேட்டு எடுங்கள்

என் மாமியாருக்கு 63 வயது. எலும்பு அடர்த்தி பார்க்க டெக்ஸா ஸ்கேன் எழுதிக் கொடுத்தார் எண்டோகிரைன் (ஹார்மோன்) டாக்டர். நாங்கள் போன சென்டருக்கு ஆன்லைனில் "நல்ல சர்வீஸ்", "சீக்கிரம் ரிப்போர்ட்" என்று நிறைய ரிவ்யூ இருக்கிறது. பாராதைராய்டு தொந்தரவு உள்ளவர்களுக்கு அது மட்டும் போதாது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

அத்தைக்கு ரத்தத்தில் கால்சியம் 11.4, பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) 148. இரண்டுமே அதிகம். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு சுரப்பிகள் உண்டு, அவைதான் பாராதைராய்டு. பெரும்பாலும் அதில் ஒன்றில் சாதாரணக் கட்டி வந்து, தேவையில்லாமல் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். அது எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை ரத்தத்தில் கொண்டுவந்து சேர்க்கும். மாதவிடாய் நின்ற பிறகு வரும் வழக்கமான தேய்மானம் முதலில் முதுகெலும்பில்தான் தெரியும். இந்த நோயோ கெட்டியான வெளி எலும்பைத்தான் அதிகம் அரிக்கிறது. அந்த வகை எலும்பு நிறைய இருப்பது முன்கையில்.

கவுண்டரில் இதெல்லாம் யாருக்கும் தெரியவில்லை. சீட்டில் முதுகு, இடுப்பு, முன்கை என்று மூன்று இடம் எழுதியிருந்தும் "முதுகு, இடுப்பு பேக்கேஜ்" என்று பில் போட்டுவிட்டார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னதும் அவர்கள்தான். இந்த ஸ்கேனுக்கு அது தேவையே இல்லை. முந்தைய நாள் கால்சியம் மாத்திரை போடக்கூடாது என்பதுதான் சொல்லவேண்டிய விஷயம், அதைச் சொல்லவில்லை.

காப்பாற்றியது டெக்னீஷியன் பெண். சீட்டைப் படித்ததும், "பாராதைராய்டாம்மா? அப்ப கையும் எடுக்கணுமே, கீழ போய் சேத்துப் போட்டுட்டு வந்துடுங்க" என்றார். கூடுதலாக 600 ரூபாய், மறுபடியும் டோக்கன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் வேலையில் கெட்டி. "எந்தக் கையில சாப்பிடுவீங்க பாட்டி?" என்று கேட்டு, அதிகம் பயன்படுத்தாத இடது கையை எடுத்துக்கொண்டார். அந்தக் கையில் முன்பு எப்போதாவது எலும்பு முறிந்திருக்கிறதா என்றும் விசாரித்தார். அத்தையின் தங்க வளையல் கழலவே இல்லை. சோப்பு நுரை போட்டு, வலிக்காமல் மெதுவாகச் சுழற்றி எடுத்தது அவர்தான். அப்புறம் ஸ்டூலில் உட்காரவைத்து, முன்கையை மேசைமேல் நேராக நீட்டி, ஆடாமல் பட்டை போட்டார். ஊசி இல்லை, குகை மாதிரி மெஷினுக்குள் போவதும் இல்லை. மூன்று இடமும் அரை மணிக்குள் முடிந்தது.

ரிப்போர்ட்டைப் பாருங்கள். டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயது எலும்போடு ஒப்பிடும் எண், கீழே போகப்போக எலும்பு பலவீனம்) முதுகில் -1.4, இடுப்பில் -1.9, முன்கையில் -3.1. பேக்கேஜோடு வீட்டுக்குப் போயிருந்தால் "லேசான தேய்மானம்" என்றுதான் நினைத்திருப்போம். ஏதாவது ஓர் இடத்தில் -2.5 அல்லது அதற்கும் கீழே போனாலே கெட்ட சுரப்பியை எடுக்கும் ஆபரேஷனுக்கு அது ஒரு காரணம். எங்கள் டாக்டரும் அந்த முன்கை எண்ணை வைத்துத்தான் சர்ஜனிடம் அனுப்பினார்.

பெரிய குறை இனிமேல்தான். ரிப்போர்ட் கொடுக்கும்போதே, "எலும்பு வீக்கா இருக்கு, கால்சியம் மாத்திரை இங்கேயே இருக்கு, வாங்கிக்கோங்க" என்கிறார்கள். ரத்தத்தில் ஏற்கெனவே கால்சியம் ஏறிக்கிடப்பவருக்கு! எலும்பு தேய்வது சாப்பாட்டில் கால்சியம் குறைந்ததால் அல்ல, சுரப்பி இழுப்பதால். பால், தயிரை நிறுத்த வேண்டாம் என்றே எங்கள் டாக்டர் சொன்னார். ஆனால் மாத்திரையோ, வைட்டமின் டி சாஷேயோ, அவர் அளவு பார்த்துச் சொன்னால்தான். கவுண்டரில் விற்பதை நம்பி வாங்காதீர்கள்.

இன்னொன்று, ஸ்கேன் அறை மாடியில். லிஃப்ட் இல்லை. எலும்பு பலவீனமானவர்களுக்கென்றே உள்ள ஸ்கேனை மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ! கைப்பிடி ஒரு பக்கம்தான். கூட ஒரு ஆள் அவசியம்.

ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றும் டெக்னீஷியனுக்கும் மெஷினுக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு முதுகிலும் இடுப்பிலும் அடர்த்தி ஏறுமாம், முன்கை அவ்வளவாக ஏறாதாம். ஒப்பிட்டுப் பார்க்க அதே மெஷினில் எடுப்பதுதான் சரி என்கிறார் டாக்டர். அதனால் அடுத்த ஸ்கேனுக்கும் இங்கேதான் போவோம், பில் போடும்போதே மூன்று இடத்தையும் சொல்லிவிட்டு.