இறக்கத்தில் கியர் குறைக்க நான்கு வழிகள்: போடிமெட்டுப் பாதைக்கு எது சரி?

பூப்பாறையிலிருந்து போடிக்கு வாரம் ஒரு தடவையாவது இறங்க வேண்டியிருக்கிறது. ஏலக்காய் ஏலம், ஆஸ்பத்திரி, கல்யாணம், ஏதாவது ஒன்று வந்துவிடும். போடிமெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல் வரை 17 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,000 மீட்டர் உயரம் கீழே.

ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி, 35 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் அதில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை பிரேக் வாங்கலாம், இல்லை இன்ஜின் வாங்கலாம். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த எல்லை 140தான். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. அதனால் இறக்கத்தில் பாரத்தை இன்ஜின்தான் பிடிக்க வேண்டும், அதற்கு கியர் குறைக்கத் தெரிய வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியர் விழுந்திருக்க, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

சிக்கல் இதுதான். மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் இரண்டாவது கியருக்கு ஏறக்குறைய 3,000 சுற்று வேண்டும். வண்டிக்கு வண்டி எண் மாறும், ஆனால் ஒன்றரை மடங்கு என்பது பொதுவாகச் சரியாக வரும். நடுவில் இருக்கும் அந்த ஆயிரம் சுற்றை யார் கொடுப்பது? நான்கு வழியும் இந்தக் கேள்விக்கு நான்கு விதமாகப் பதில் சொல்கின்றன.

டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தருவது முதல் வழி. கிளட்சை மிதி, கியரைப் போடு, கிளட்சை மெதுவாக விடு. ஆக்சிலேட்டருக்கு வேலையே இல்லை. இதில் அந்த ஆயிரத்தைக் கொடுப்பவை சக்கரமும் கிளட்ச் பிளேட்டும். பிளேட் உரசி உரசி இன்ஜினை மேலே இழுக்கும். கம்பம், தேனி பக்கத்துச் சமவெளியில் இதில் குறை சொல்ல எதுவுமில்லை. மலையில் மெதுவாக விட்டால், அந்த நேரமெல்லாம் வண்டியை இன்ஜின் முழுசாகப் பிடிப்பதில்லை. வேகமாக விட்டாலோ வேறு ஆபத்து. ஒரு ஐப்பசி மழையில் வளைவுக்குள் நுழைந்த பிறகு இரண்டாவதைப் போட்டு, பதற்றத்தில் கிளட்சைப் படக்கென்று விட்டேன். முன்சக்கரம் ஒரு நொடி பிடி விட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேரே தடுப்புச் சுவரைப் பார்த்துப் போனது. கிளட்சை மறுபடி மிதித்த பிறகுதான் திரும்பியது. இன்ஜின் பின்சக்கரத்தை ஓட்டும் ஜீப்பாக இருந்தால் வால் வீசியிருக்கும்.

இரண்டாவது வழி, ரேஸ் கொடுத்து மாற்றுவது. கிளட்ச் உள்ளே இருக்கும்போதே ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, அந்த ஆயிரத்தை நம் காலே கொடுத்துவிடுகிறது. இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர் முள் 3,000 பக்கம் ஏறும் அந்த நொடியில் கியர் விழுந்து, கிளட்சும் மேலே வந்துவிட வேண்டும். சரியாக அமைந்தால் சத்தம் மட்டும்தான் மாறும், உடம்புக்கு ஒன்றும் தெரியாது. மூக்கு கவிழ்ந்தால் ரேஸ் பத்தவில்லை. முன்னால் துள்ளினால் கூடிப்போயிற்று.

பழகுவதற்கு மலைக்குப் போகவே கூடாது. ஆளில்லாத சமதரை ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவதில் முள் எங்கே நிற்கிறது, இரண்டாவதில் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த வித்தியாசத்தைக் காலுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. பெட்ரோல் வண்டிக்குச் சின்னத் தட்டு போதும். டீசலில் முள் சோம்பலாக ஏறும், கொஞ்சம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இழுக்கும் கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் ஆக்சிலேட்டர் சில வண்டிகளில் அரை மூச்சு தாமதமாகப் பதில் சொல்லும், அதற்கு முன்கூட்டியே தட்ட வேண்டும். தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டிய என் தாய்மாமா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது ஒன்றுதான்: "முள்ளைப் பாக்காத மாப்ள, சத்தத்தைக் கேளு." இரண்டு வாரத்தில் காது பழகிவிட்டது.

மாமாவுடைய வழி மூன்றாவது: டபுள் கிளட்ச். கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ரேஸ், மறுபடி கிளட்ச் மிதித்துக் கீழ்க் கியர். பழைய ஜீப்புகளில் முதல் கியருக்குச் சின்க்ரோ (கியர் விழுமுன் இரண்டு பக்கச் சுற்றையும் உரசி ஒன்றாக்கும் வளையம்) கிடையாது, இப்படிப் போடாவிட்டால் பல் கடிக்கும். காடிலாக் 1928இல் காரில் கொண்டுவந்த சின்க்ரோமெஷ் இன்றைக்கு எல்லாக் காரிலும் உண்டு, ஆகவே இந்த இரட்டை மிதி நமக்கு அவசியம் இல்லை. ஆனால் பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக ரேஸ் கொடுத்து மாற்றுவது கிளட்சையும் சக்கரத்தின் பிடியையும் காப்பாற்றும், சின்க்ரோ வளையத்தைக் காப்பாற்றாது. கிளட்ச் உள்ளே இருக்கையில் இன்ஜின் சுற்று கியர் பெட்டிக்குப் போய்ச் சேராது அல்லவா? வளையத்துக்கும் சேர்த்து உதவுவது டபுள் கிளட்ச்தான். இரண்டாவது கியர் கரகரக்கத் தொடங்கிய பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கற்றுக்கொள்வது நல்லது.

நான்காவது, இளவட்டங்கள் ஆசைப்படும் குதிகால் வித்தை. வலதுகாலின் முன்பாதி பிரேக்கில் இருக்க, அதே காலின் ஓரத்தாலோ குதிகாலாலோ ஆக்சிலேட்டரைத் தட்டுவது. பிரேக்கை விடாமலே ரேஸ் கொடுக்கலாம் என்பது இதன் பலம். பந்தயத்தில் ஒவ்வொரு அரை நொடியும் கணக்கு, அங்கே இது வேண்டும். நம் இறக்கத்தில் என்ன லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில், பிரேக்கை விட்டு ரேஸ் கொடுக்கும் அரை நொடியில் வண்டி கூடுவது மணிக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். அவ்வளவுதான். அதைக் காப்பாற்றப் போய், தோட்டத்துச் சேறு ஒட்டிய செருப்போடு இரண்டு பெடலில் ஒரு காலை வைப்பது என் மனசுக்கு ஒப்பவில்லை. மெதுவாக பிரேக் பிடிக்கும்போது பல கார்களில் பிரேக் பெடல் ஆக்சிலேட்டரைவிட உயரமாக நிற்கும். கால் எட்டாது, எட்டினால் பிரேக் தேவைக்கு மேல் அழுந்தும்.

ஐஎம்டி என்று கிளட்ச் பெடல் இல்லாத வண்டிகள் 2020இல் வந்தன. இறக்கத்தில் கியரைத் தேர்ந்தெடுப்பது அதிலும் நம் வேலைதான்.

இந்தப் பாதைக்கு நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். ஒரு நிபந்தனை: வளைவுக்கு முன்னால், ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பிரேக்கில் வேகத்தைக் குறை, காலை எடு, கிளட்ச், தட்டு, கியர், பிறகு திருப்பு. மூடுபனி இறங்கிய நாளில் இதுகூட வேண்டாம். மெட்டிலேயே இரண்டாவதைப் போட்டுவிட்டு அப்படியே இறங்குகிறேன், ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடவும் நேரம் கிடைக்கிறது.

அம்மாவுக்கு மலைப்பாதை ஆகாது. வண்டியில் ஏறினால் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும், மூன்றாவது வளைவிலேயே மோந்து பார்க்கத் தொடங்குவார். நான் ரேஸ் கொடுத்து மாற்றப் பழகிய பிறகு ஒரு நாள் முந்தல் செக்போஸ்டில் வண்டி நின்றபோதுதான் கண் விழித்தார். பழம் மடியில் அப்படியே கிடந்தது.