கார்பன் வரியா, திறன் விதியா?

வாடகை வீட்டில் இருந்தபோது ஏசி வீட்டுக்காரர் வாங்கிப் போட்டது. கரண்ட் பில் நான் கட்டியது. கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் விளக்கு ஒரு கணம் மங்கும். மின்சாரத்தின் மேல் எவ்வளவு வரி போட்டாலும் அவர் அந்த ஏசியை மாற்றியிருக்க மாட்டார். வலி அவருடையது இல்லையே. சொந்த வீட்டுக்கு ஏசி வாங்கியபோதுதான் திறன் லேபிளைப் பார்த்து, இன்வெர்ட்டர் ரகமாகத் தேர்ந்தெடுத்தேன். பில் என் கைக்கு வருமே!

கார்பன் உமிழ்வைக் குறைக்க, அதை வெளியிடும் எரிபொருள் மேல் வரி போடுவது சிறந்ததா, சாதனம் இவ்வளவுக்கு மேல் மின்சாரம் தின்னக்கூடாது என்று விதி போடுவது சிறந்ததா என்று கேட்டால் நான் விதியின் பக்கம் நிற்பது இதனால்தான். வாங்குபவர் ஒருவர், பில் கட்டுபவர் வேறொருவர் என்றால் வரி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதில்லை. விதியோ மோசமான சாதனத்தைக் கடைக்கே வரவிடாது. ஃபிரிட்ஜ் ஒருமுறை வீட்டுக்குள் வந்தால் பத்துப் பதினைந்து வருஷம் நகராது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் 1970களில் கலிஃபோர்னியா தொடங்கிவைத்த ஃபிரிட்ஜ் விதி 1987இல் நாடு முழுவதற்குமான சட்டமானது. அடுத்தடுத்து அதை இறுக்கினார்கள். அங்கே இன்றைய ஃபிரிட்ஜ், 1970களில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தும், கிட்டத்தட்ட கால்பங்கு மின்சாரத்தில் ஓடுகிறது. ஜப்பான் 1999இல் இன்னொரு வழி பிடித்தது: சந்தையில் இருப்பதிலேயே சிறந்த சாதனம் எதுவோ, அதை வைத்தே எல்லோருக்கும் இலக்கு. விதி பழசாகிப்போகும் ஆபத்துக்கு இது நல்ல மருந்து.

வரி பலனில்லாதது என்று சொல்லமாட்டேன். ஸ்வீடனில் 1991 முதல் நிலைத்திருக்கிறது. ஆனால் ஆஸ்திரேலியா 2012இல் கொண்டுவந்த கார்பன் விலையை (அதுவும் வரி போன்றதுதான்) 2014இலேயே ரத்து செய்துவிட்டது. வரி ஒவ்வொரு பில்லிலும் கண்ணில் படும், அதனால் தேர்தலிலும் அடிபடும்.

என் அனுபவம் வீட்டோடு சரி. சிமென்ட், எஃகு ஆலைகளில் எரிபொருளை வாங்குபவரும் காசு கட்டுபவரும் ஒருவரே. அங்கே வரிதான் பொருத்தம் என்று படுகிறது. புதிதாக விற்பதற்கான விதி, ஏற்கெனவே சுவரில் மாட்டிய ஏசியைத் தொடாது என்பதும் நிஜமான குறை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்கும் ஒரு வழி செய்தார்கள். சில விலக்குகள் தவிர, வீட்டின் ஆற்றல் திறனை 'ஏ' முதல் 'ஜி' வரை தரம் பிரிக்கும் சான்றில் 'ஈ' (E) தரத்துக்குக் கீழுள்ள வீட்டை 2018 ஏப்ரல் முதல் புதிதாக வாடகைக்கு விடக்கூடாது. சரிசெய்யும் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில்.