ஃபோர்ரன்னர் 55: டர்பன் மேடுகளுக்கு ஏற்றபடி

சாட்ஸ்வொர்த் பக்கம் ஓடுகிறவர்களுக்குத் தெரியும், இங்கே சமதளம் கிடைப்பது அபூர்வம். கார்மின் ஃபோர்ரன்னர் 55 என்ற ஓட்ட வாட்ச்சை வாங்கியதும் நான் முதலில் கைவைத்தது ஓட்டம்-நடை அலர்ட்டில்தான்: நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மணிக்கட்டில் அதிர்வு வந்ததும் மாறிக்கொள்ள வேண்டியதுதான், நேரம் பார்க்கவே வேண்டாம், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டப் போட்டிக்கான பயிற்சியில், அதன் பாதையில் உள்ள கவீஸ் ஹில் மேட்டில் ஏறும்போது இதன் அருமை நன்றாகத் தெரிந்தது. அப்புறம் இதயத்துடிப்பு அளவுகள், அதாவது எத்தனை துடிப்பு வரை நிதான ஓட்டம், எதற்கு மேல் கடின ஓட்டம் என்ற எல்லைகள். வாட்ச் முதலில் வயதை வைத்துத்தான் கணக்குப் போடும். ஒரு மேட்டில் முழு மூச்சாக ஓடிப் பார்த்து, கிடைத்த உச்சத் துடிப்பை நானே பதிந்த பிறகுதான் என் நிதான ஓட்டம் உண்மையிலேயே நிதானமாயிற்று. இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆட்டோ பாஸ் (நாம் நின்றால் வாட்ச்சும் நேரக் கணக்கை நிறுத்திவைக்கும் வசதி), சிக்னலில் நிற்கிற ஊர் ஓட்டத்துக்குச் சரி. போட்டி நாளில் அணைத்துவிடுங்கள், காம்ரேட்ஸின் 12 மணி நேரக் கெடு நீங்கள் தண்ணீர் குடிக்க நிற்கும்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஜிபிஎஸ்ஸோடு பேட்டரி 20 மணி நேரம் வரை என்கிறது நிறுவனம், அதனால் அந்தக் கவலை இல்லை. உயரமானி இதில் கிடையாது. எத்தனை மீட்டர் ஏறினோம் என்று ஓடும்போதே பார்க்க விரும்புகிறவர்கள் மேல் ரகத்துக்குப் போகலாம்.