தோப்பா, தபால் நிலையமா: ஓய்வுக்காலப் பணம் 20 லட்சம்

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் 60 வயது வரை உழைத்தவருக்கு வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்ந்து 20 லட்ச ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அடுத்து எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பர்கூர்ப் பக்கம் மாந்தோப்பு வாங்குவதா, தபால் நிலையத்தில் போடுவதா?

தபால் நிலையத்தில் கிடைக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே 2004ஆம் ஆண்டில் தொடங்கியது. 2023 ஏப்ரலில் அதன் உச்சவரம்பு 30 லட்சமாகவும் வட்டி 8.2 சதவீதமாகவும் உயர்ந்தன. கணக்கு தொடங்கும் நாளில் உள்ள வட்டியே ஐந்தாண்டுக்கும் மாறாது. 8.2 சதவீதத்தில் 20 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 41,000 ரூபாய் வரும். மாதாமாதம் பணம் வேண்டும் என்பவர்கள் நாடும் மாத வருமானத் திட்டத்தில் அதே ஏப்ரலில் வட்டி 7.4 சதவீதமானது, தனிக் கணக்கின் வரம்பான 9 லட்சத்துக்கு மாதம் 5,550 ரூபாய். காலாண்டுத் தொகையை மூன்றாகப் பிரித்துச் செலவழிக்கத் தெரிந்தவருக்கு இந்த மாதத் திட்டம் தேவையில்லை. 60 வயதாகாத மனைவியின் பெயரில் போட வேண்டுமானால் உதவும்.

தோப்பின் கணக்கு வேறு. இங்கு விளையும் பெங்களூரா மாங்காயில் பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்கே போவதால், விலை ஆலை வாசலில்தான் முடிவாகிறது. விளைச்சலும் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி இருக்காது. எல்லார் தோப்பிலும் காய்த்துக் குலுங்கும் ஆண்டிலோ பறிகூலியும் வண்டி வாடகையும் போக மிஞ்சுவது சொற்பம். இதற்குப் பயந்தே பலர் பூவிலேயே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள்.

வருமானத்தைவிட எனக்கு முக்கியமாகப்படுவது அவசரத்துக்குப் பணமாகுமா என்பது. ஓய்வுப் பணத்தில் இரண்டு ஏக்கர் வாங்கிய என் பெரியப்பாவுக்கு நான்காம் ஆண்டில் இதய அறுவை சிகிச்சை தேவைப்பட்டபோது, வாங்க வந்தவர் வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் கேட்டார். பழைய பாகப்பிரிவினையில் ஒரு பெண்ணின் கையெழுத்து விடுபட்டிருந்தது தெரிய வந்தது. அதைச் சரிசெய்து விற்று முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. ஆஸ்பத்திரிச் செலவை நகைக்கடன்தான் தாங்கியது. மூத்த குடிமக்கள் திட்டத்திலோ இரண்டாண்டுக்குப் பின் முன்கூட்டியே கணக்கை முடித்தால் பிடித்தம் 1 சதவீதம், அதாவது 20 லட்சத்துக்கு 20,000 ரூபாய்.

ஆனால் விலைவாசி எவ்வளவு ஏறினாலும் அந்த 41,000 ஏறாது. வட்டிக்கு வருமான வரியும் உண்டு. நிலத்தின் மதிப்போ பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய இடங்களில் நன்றாகவே உயர்ந்திருக்கிறது, விவசாய வருமானத்துக்கு வருமான வரியும் இல்லை. ஆகவே மாதாமாதம் அரசு ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியர் தோப்பு வாங்குவதில் நான் தவறு காணமாட்டேன். தொழிற்சாலைத் தொழிலாளியின் நிலை அதுவல்ல. அவருடைய வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்துக்கு 2014இல் வைத்த குறைந்தபட்ச வரம்பே மாதம் 1,000 ரூபாய்தான். அவர் 15 லட்சத்தையாவது தபால் நிலையத்தில் போட்டு, மீதியை வங்கி வைப்பில் அவசரத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது. வங்கி ஒன்றுக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடும் இருக்கிறது.