வாய்ப்பாட்டுப் பயிற்சி: 14 மாத வீட்டு அனுபவம்

மகள் மூன்றாம் வகுப்புக்குப் போனபோது அவளுக்கு வீட்டில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். இப்போது 14 மாதம் ஆகிறது. சுவர் அட்டவணை, மொபைல் ஆப், வரிசையாக ஒப்பிப்பது, கையால் எழுதிய அட்டைகள் என்று நான்கையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டோம். முதல் வாரத்தில் எல்லாமே பலன் தருகிற மாதிரிதான் தெரியும். பல மாதம் கழித்து மனதில் என்ன தங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் பொறுத்திருந்தேன்.

சுவர் அட்டவணை பத்து நாளில் கண்ணுக்குப் பழகிவிட்டது. அப்புறம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆப் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும். 7 × 8 என்று கேட்டு 15, 54, 56, 87 என்று காட்டினால் இரண்டைப் பார்த்தவுடனே தள்ளிவிடலாம். அதனால் புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. வெறும் தாளில் எழுதிக் கேட்டால் விடை வரவில்லை. அதோடு திரையில் கடிகாரம் வேறு ஓடும். நேரம் முடியப்போகிறது என்று தெரிந்தால் நன்றாகத் தெரிந்த விடைகூட அவளுக்கு மறந்துபோகும். ஒருநாள் அழுதேவிட்டாள். அன்றோடு நேரம் வைத்துக் கேட்பதை விட்டுவிட்டோம். இன்னும் முன்பே விட்டிருக்க வேண்டும்.

ஒப்பிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் படித்தோம். ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். சரி, வந்துவிட்டது என்று நினைத்து, "எட்டேழு எவ்வளவு?" என்று தனியாகக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைகிறது: ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொன்று... மேஜைக்கு அடியில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குகின்றன. எட்டாவது விரல் மடங்கியதும் நிமிர்ந்து, "ஐம்பத்தாறு" என்றாள். விடை சரி. ஆனால் ஒரு பெரிய வகுத்தல் கணக்கில் ஒவ்வொரு படியிலும் இப்படி ஓரேழிலிருந்து தொடங்கினால், கணக்கில் எந்த இடத்தில் நின்றோம் என்பதே மறந்துபோகும். அவளுக்கு அப்படித்தான் மறந்தது.

அதன் பிறகு பொத்தான்களை எடுத்தோம். ஒரு தாளில் 3 வரிசை, வரிசைக்கு 8 பொத்தான். எண்ணி 24 என்றாள். தாளை அப்படியே கால் வட்டம் திருப்பினேன். இப்போது 8 வரிசை, வரிசைக்கு 3. எண்ணப் போனவள் விரலை நிறுத்திவிட்டு, "அம்மா, அதே பொத்தான்தானே!" என்றாள். 3 × 8 தெரிந்தால் 8 × 3 தெரிந்த மாதிரிதான் என்று நான் பலமுறை வாயால் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது அவளுடையது ஆனது.

1 முதல் 10 வரை மொத்தம் 100 பெருக்கல்கள். திருப்பிப் போட்டால் ஒன்றாக வருபவற்றை ஒருமுறை மட்டும் எண்ணினால் 55. அதில் 1, 2, 5, 10 வருபவை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் 21. ஒன்பதுக்குச் சுலபமான வழி இருக்கிறது. 9 × 7 வேண்டுமென்றால் 70-ல் ஏழைக் கழித்தால் 63. இலக்கங்களைக் கூட்டினால் 9 வருகிறதா என்று சரிபார்த்தும் கொள்ளலாம். அதையும் எடுத்தால் 15. அதில் 6 × 6, 7 × 7 மாதிரி ஒரே எண்ணை அதே எண்ணால் பெருக்குவது ஐந்து. அவை ஏனோ அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டன. கடைசியில் நின்றவை பத்தே பத்து: 3 × 4, 3 × 6, 3 × 7, 3 × 8, 4 × 6, 4 × 7, 4 × 8, 6 × 7, 6 × 8, 7 × 8. பத்து அட்டைகளையும் தரையில் பரப்பினேன். "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். அந்த முகத்தில் பயம் போனதைப் பார்த்தபோது எனக்கே அழுகை வந்துவிட்டது.

பத்தையும் ஒரே நாளில் கொடுத்தது தவறு. பிறகு வாரத்துக்கு மூன்று என்று குறைத்தேன். ஒரு பெட்டியை மூன்று அறையாகப் பிரித்தோம். முதல் அறை தினமும், இரண்டாவது ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவது வாரத்துக்கு ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் விளக்கிய முறையை எங்கள் வசதிக்குச் சுருக்கிக்கொண்டது இது. தினமும் ஐந்து நிமிடம், அதற்கு மேல் ஒருநாளும் உட்காரவில்லை. 54 வருகிற 6 × 9-ஐயும் 56 வருகிற 7 × 8-ஐயும் ஒரே நாளில் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் அந்தக் குழப்பம் தீர மூன்று வாரம் ஆனது.

இதில் குறையும் உண்டு. பக்கத்தில் ஒரு பெரியவர் தினமும் இருந்தாக வேண்டும். நான் களைத்துப்போன நாட்களில் பெட்டி திறக்கவே இல்லை. அட்டைகளின் மூலை மடிந்துபோய் இரண்டு முறை புதிதாக எழுதினேன். பொருளை வரிசையாக அடுக்கி எண்ணத் தெரியாத குழந்தையிடம் இதை ஆரம்பிக்காதீர்கள்; முதலில் பொத்தான்தான்.

விடுமுறையில் ஐந்து வாரம் பெட்டியைத் தொடவில்லை. திரும்ப எடுத்தபோது 6 × 7, 6 × 8, 7 × 8 மூன்றும் தடுமாறின. 7 × 8 அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். விரல் மடங்கவில்லை. "ஈரேழு பதினாலு, அதில் இரண்டு மடங்கு இருபத்தெட்டு, அதில் இரண்டு மடங்கு... ஐம்பத்தாறு!" என்றாள். நான் சொல்லித்தந்து மாதங்கள் ஆன வழி அது, மறந்த இடத்தில் தானாக வந்து நின்றது. நான்கே நாளில் மூன்றும் சரியாகிவிட்டன.

இப்போது அட்டைகளின் பின்பக்கத்தில் வகுத்தல் எழுதியிருக்கிறோம். 56-ல் எத்தனை 8 என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கிறாள். 6 × 8 மட்டும் இரண்டு முறை மூன்றாம் அறை வரை போய்த் திரும்பி வந்துவிட்டது. நேற்று மறுபடி இரண்டாம் அறைக்கு ஏறியிருக்கிறது.